ஒரு நாளைக்கு எவ்வளவு?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை, கிள்ளானில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு கூட்டத்திலும் நான் பேசியது கொஞ்சம், பதில் சொன்னதுதான் அதிகம். வந்தவர்கள் மென்பொருள் வேலை, சொந்தமாகத் தொழில் செய்வது பற்றிச் சிறு தாள்களில் கேள்வி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு, மேடையில் சொன்னதையும் நேரமில்லாமல் விட்டதையும் இங்கே குறித்து வைக்கிறேன். வரிசை ஒன்றும் கிடையாது.

*

அதிகம் வந்த கேள்வி, "எந்த மொழியைப் படிக்கலாம்?" இதற்கு அரை நிமிடத்துக்கு மேல் செலவழிக்க எனக்கு மனமில்லை. வங்கி, காப்பீடு என்றால் ஜாவா, டாட்நெட். சின்னக் கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட். தரவு வேலைக்குப் பைத்தான், எஸ்க்யூஎல். ஏதாவது ஒன்றில் ஒரு வேலையை முழுதாக முடித்து, முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்ப்பதில் கிடைக்கும் படிப்பு எந்த வகுப்பிலும் கிடைக்காது.

என்ன விலை சொல்வது என்று ஒரு தாளில்கூட எழுதியிருக்கவில்லை. கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் கைக்கு வந்த பிறகு ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள்.

*

"அண்ணே, இப்ப 5,000 வெள்ளி சம்பளம். தனியா செஞ்சா ஒரு நாளைக்கு 250 கேட்கலாமா? மாசம் 20 நாள் வேலை செஞ்சா அதே 5,000 வந்திரும்ல?"

தம்பி போட்டது பாதிக் கணக்கு. மீதியை அங்கேயே ஒரு தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

5,000 வெள்ளிச் சம்பளத்துக்கு முதலாளி தன் பங்காகச் சேமநிதியான இபிஎப்பில் 13 விழுக்காடு கட்டுகிறார். அது 650. சமூகப் பாதுகாப்புக்கான சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இன்னும் ஏறக்குறைய 100. ஆக நீங்கள் வாங்குவது 5,000, உங்களுக்காகச் செலவாவது 5,750. ஆண்டுக்கு 69,000. இனி மருத்துவ அட்டை உங்கள் செலவு. மடிக்கணினி, மென்பொருள் உரிமம், இணையம், கணக்காளர் எல்லாம் உங்கள் செலவு. அவற்றுக்குக் குறைத்துப் போட்டாலும் 6,000. மொத்தம் 75,000.

அடுத்து நாள் கணக்கு. ஆண்டுக்கு 52 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்றால் 260. பொது விடுமுறை, தீபாவளிக்கு ஊருக்குப் போவது, காய்ச்சலில் படுப்பது என்று 35 நாளைக் கழித்தால் 225. இந்த 225 நாளுக்கும் எவரும் காசு தரப் போவதில்லை. வேலை தேடி அலைவது, கொட்டேஷன் எழுதுவது, வராத பணத்துக்கு நடையாய் நடப்பது, புதிதாக ஒன்றைப் படிப்பது என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மிஞ்சுவது 150 நாள்.

75,000-ஐ 150-ஆல் வகுத்தால் 500. இன்றைக்கு இருக்கும் நிலையில் அப்படியே இருப்பதற்கான கூலி இது. இதில் லாபம் இல்லை. வேலையே வராத மாதத்துக்கு ஒதுக்கியதும் இல்லை.

"500-ஆ! யாருண்ணே குடுப்பா?"

நாள் கணக்குச் சொன்னால் கொடுக்க மாட்டார்கள்தான். அதை நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை, அது உள்ளுக்குள் வைத்துக்கொள்ளும் கணக்கு. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு நகைக்கடைக்காரர் இணையதளம் கேட்கிறார், உங்களுக்கு ஆறு நாள் பிடிக்கும் என்று வையுங்கள். 3,000 என்று கொட்டேஷன் கொடுங்கள். என் அக்கா மகன் 800-க்குச் செய்து தருவான் என்பார். செய்யட்டும். 800-க்கு இறங்கினால் உங்கள் நாள் கூலி 133 வெள்ளி. அந்த ஆறு நாளை அடுத்த வாடிக்கையாளரைத் தேடுவதில் செலவழிக்கலாம்.

*

விலை கேட்க நமக்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று ஒரு பெரியவர் கேட்டார், பழைய தொழிற்சங்கக்காரர். அவர் முன்னால் வரலாறு பேசுவது எனக்குக் கொஞ்சம் பயம்தான். ஆனாலும் சொன்னேன். கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் 1941-இல் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கேட்டவற்றுள் ஒன்று, சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருந்தது. நாதனைக் கைது செய்தார்கள், நாடு கடத்தினார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டார்கள். கூலி கேட்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. இப்போது கேட்டால் மிஞ்சிப்போனால் வாட்ஸ்அப்பில் பதில் வராது, அவ்வளவுதான்.

*

"வங்கியில ஏஜெண்ட் வழியா ஒரு வருஷக் கான்ட்ராக்ட் கிடைக்குது. எடுக்கலாமா?"

எடுக்கலாம். அந்தக் காலத்துக் கங்காணிக்குத் தன் ஆள் பெரட்டுக்கு வந்து வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு உண்டு. இன்றைய ஏஜெண்டுக்கும் நீங்கள் வேலைக்குப் போகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பங்கு போகிறது. அதில் தப்பில்லை, வாசலைத் திறந்துவிட்டவர் அவர்தான். ஆனால் வங்கி அவருக்கு என்ன கொடுக்கிறது என்று கேளுங்கள். சொல்ல மாட்டார். சரி என்று விட்டுவிட்டு, அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது மறுபடியும் கேளுங்கள். அதற்குள் உங்களை மாற்றி இன்னொருவரை வைப்பது வங்கிக்கு எவ்வளவு தொல்லை என்று இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. காலை ஒன்பது மணிக்கு வா, இந்த மேசையில் உட்கார், இந்தக் கணினியில் வேலை செய், லீவு வேண்டுமென்றால் என்னைக் கேள், ஆனால் நீ எங்கள் ஊழியர் இல்லை, இபிஎப் கிடையாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. 2023 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 101சி என்று ஒரு பிரிவு இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், வேலை செய்யும் முறையும் நேரமும் அடுத்தவர் பிடியில் இருந்தால், கருவிகளை அவரே கொடுத்தால், அதை முதலாளி தொழிலாளி உறவாகவே எடுத்துக்கொள்ள வழி செய்கிறது. பெயர் என்ன வைத்தாலும் நடப்பதைத்தான் பார்ப்பார்கள்.

*

செயற்கை நுண்ணறிவு வேலையைத் தின்றுவிடுமா? எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு 17 வயது இருக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முன்பெல்லாம் கொடுத்துப் பழக்கிய சின்னச் சின்ன வேலைகள் குறைகின்றன, அதை மறைத்துப் பேச முடியாது. ஆனால் ஜாலான் தம்பிப்பிள்ளையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரருக்கு ஆர்டர் ஏன் இரண்டு முறை விழுகிறது என்று போய் நின்று பார்க்க ஆள் வேண்டும். அவர் கோபத்தில் சொல்வதிலிருந்து உண்மையான கோளாறைப் பிரித்தெடுக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருங்கள்.

*

ஒரு அப்பாவின் கேள்வி: "வேலை விளம்பரத்துல மாண்டரின் தெரியணும்னு போடுறான். என் மகளுக்குத் தெரியாது. அப்புறம் எதுக்குக் கம்ப்யூட்டர் படிக்க வைக்கணும்?"

இந்த வருத்தம் பொய்யில்லை. சில இடங்களில் சீனா, தைவான் வாடிக்கையாளர்கள் இருப்பார்கள், மொழி உண்மையிலேயே தேவைப்படும். சில இடங்களில் அது ஆளை வடிகட்டும் சல்லடை. எது எது என்று விளம்பரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நான் சொன்னது இதுதான்: பங்சார் சவுத்திலும் சைபர்ஜெயாவிலும் வெளிநாட்டு நிறுவனங்களின் சேவை மையங்கள் நிறைய இருக்கின்றன, அங்கே ஓடுவது ஆங்கிலம். மகளுடைய விண்ணப்பத்தை முதலில் அந்தப் பக்கம் அனுப்புங்கள். ஐயா தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை.

*

பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் வெள்ளைக் கோலோடு ஒருவர் வந்திருந்தார். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் ஊர் அது. பார்வையற்றவர்கள் நடத்தும் உடம்புபிடி நிலையங்களைத் தாண்டாமல் அந்தத் தெருக்களில் நடக்க முடியாது. யாருக்கும் கைகட்டி நிற்காத சொந்தத் தொழிலை நான் சின்ன வயதில் பார்த்தது அங்கேதான்.

அவர் தாளில் எழுதவில்லை, எழுந்து நின்று கேட்டார். "நான் என்விடிஏ வெச்சுக் கோடு எழுதுவேன். எனக்கு என்ன வேலை இருக்கு?"

தெரியாதவர்களுக்கு: என்விடிஏ என்பது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன், ஜேம்ஸ் டே என்ற இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் 2006-இல் தொடங்கியது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் பலருக்கு எட்டாத உயரத்தில் இருந்ததால் தாங்களே எழுதினார்கள்.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 28 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. அங்குள்ள மக்களுக்கு இணையத்தில் பொருள் விற்பவர்கள், வங்கிச் சேவை தருபவர்கள், மின்னூல் விற்பவர்கள் போன்றோர் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி தங்கள் தளங்களையும் செயலிகளையும் வைத்திருக்க வேண்டும். அந்த வேலையின் ஒரு பகுதி நம் ஊர் நிறுவனங்களுக்கும் வருகிறது. கண் தெரிந்தவர்கள் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு சரி, சரி என்று குறியிட்டு அனுப்புகிறார்கள். திரைபடிப்பானை நாள் முழுக்கக் காதில் வைத்திருப்பவருக்கு ஒரு பொத்தான் பெயரில்லாமல் கிடப்பது ஒரு நொடியில் பிடிபடும். எந்த வரியில் பிழை, எப்படித் திருத்துவது என்று கோடும் தெரிந்தவர் எழுதிக் கொடுத்தால் அதற்கு விலை அதிகம். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் சந்தையில் தனித்து நிற்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான் என்று சொன்னேன், முகத்துக்காகச் சொன்னதில்லை. "அப்ப ஒரு நாளைக்கு எவ்வளவு கேட்கலாம்?" என்றார். இரண்டு கூட்டத்திலும் அதை எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

*

பதிவு, வரி. இதைப் பேசும்போது பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிட்டார்கள். எடுக்காதவர்களுக்காக.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரிலேயே தொழில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனிப்பெயர் வைத்தால் 60. தொடக்கத்திலேயே செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், வேண்டாம். 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் வந்த பிறகு ஒரே ஆள் அதைத் தொடங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் நிறுவனச் செயலாளர் கட்டணம், ஆண்டறிக்கை என்று வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் ஒரு செலவு ஓடிக்கொண்டே இருக்கும். பெரிய ஒப்பந்தம் ஒன்று கைக்கு வந்து, தப்பு நேர்ந்தால் வீடுவரை கடன் வரும் என்ற நிலை வரும்போது மாறிக்கொள்ளலாம்.

சம்பளக்காரர்கள் பிஇ பாரம், தொழில் செய்பவர்கள் பி பாரம். பி பாரத்துக்குக் கெடு ஜூன் 30. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஒருமுறை கணக்குக் காட்டிய பிறகு, வரி வாரியமே ஒரு மதிப்பீடு போட்டு சிபி500 என்ற கடிதம் அனுப்பும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆறு தவணை. இந்தக் கடிதத்தைப் பார்த்து மிரண்டவர்களை எனக்குத் தெரியும். வரும் என்று தெரிந்து காசை ஒதுக்கி வைத்திருந்தால் அது வெறும் தபால்.

"சிங்கப்பூர்க்காரன் குடுக்குற காசு. அது வெளிநாட்டு வருமானம்தானே, வரி இல்லதானே?" இதைக் கிள்ளானில் மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்டார்கள். காசு எங்கிருந்து வந்தது என்பது கணக்கில்லை, வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்பட்டது என்பதுதான் கணக்கு. பண்டமாரானில் உங்கள் வீட்டு அறையில் செய்தால் அது மலேசிய வருமானம். நியூயார்க்கிலிருந்து டாலரில் வந்தாலும் அதுதான்.

சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. பன்னிரண்டு மாத வருமானம் 500,000 வெள்ளியைத் தாண்டினால் உங்களையும் தொடும். தாண்டினால் எனக்கும் ஒரு விருந்து வையுங்கள்.

இபிஎப்பை விட்டுவிடாதீர்கள். சொந்தத் தொழில் செய்பவர்கள் ஐ-சாரான் திட்டத்தில் தாங்களே போடலாம், அரசும் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவிலும் சேரலாம்.

தெக்குன் வழியாக, இந்தியத் தொழில்முனைவோருக்கான ஸ்பூமி கடன் எடுத்துத் தொடங்கலாமா என்று ஒரு தங்கை கேட்டார். பலகாரக் கடைக்கு அடுப்பு வேண்டும், தையல் கடைக்குப் பொறி வேண்டும், அதற்குக் கடன் எடுப்பது நியாயம். நம் தொழிலுக்கு மடிக்கணினி ஏற்கெனவே இருக்கிறது. முதல் வாடிக்கையாளரின் முன்பணம்தான் முதலீடு.

*

இது கொஞ்சம் நீளும், முக்கியம்.

நான் எழுதிய நிரல் யாருக்குச் சொந்தம்? மேடையில் கை தூக்கச் சொன்னேன். எழுதியவனுக்குத்தான் என்று முக்கால்வாசிப் பேர் தூக்கினார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் உங்களிடம் சொல்லிச் செய்யவைத்த படைப்பு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், செய்யச் சொன்னவருக்கே போய்ச்சேரும். நீங்கள் அவருடைய ஊழியராக இல்லாவிட்டாலும்தான். இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதும் அறிவுரையைப் படித்துவிட்டு இங்கே தொழில் செய்தால் இதில் இடறுவீர்கள், அங்கே சட்டம் வேறு.

விளைவு என்ன? மூன்று கடைகளுக்குப் பொதுவாகப் பயன்படும் என்று நீங்கள் பார்த்துப் பார்த்து எழுதிய பகுதியை, முதல் கடைக்காரர் தனக்கே சொந்தம் என்று சொல்ல இடம் உண்டு. அதனால் கொட்டேஷனிலேயே இரண்டு வரி சேருங்கள். முழுப் பணமும் வந்து சேர்ந்த பிறகே உரிமை கைமாறும். நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தவையும் பொதுப் பகுதிகளும் என்னுடையவை, உங்களுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை மட்டும். முதல் வரி பணத்துக்கும் பாதுகாப்பு. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டுவதையும் மறக்காதீர்கள். கட்டாத பத்திரத்தை நீதிமன்றம் சான்றாக எடுக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வடிவமைப்பாளர், பணம் தராத வாடிக்கையாளரின் தளத்தைக் கோபத்தில் முடக்கிவிட்டார். அதற்கப்புறம் வழக்கு யார்மேல் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பாக்கி என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே போய்ப் பேசலாம். கொட்டேஷன், ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், இன்வாய்ஸ் மூன்றும் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்ட வேலைக்கு அங்கே போய் என்ன காட்டுவீர்கள்? சொந்தக்காரர் வேலைதான் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் நடக்கும், பாக்கியும் அங்கேதான் விழும். மாமாவுக்கும் இன்வாய்ஸ் கொடுங்கள்.

*

இரண்டு பிள்ளைகளுடைய ஒரு அக்கா. கிள்ளானிலிருந்து தினமும் கோமுட்டர் பிடித்து கேஎல் செண்ட்ரல், அங்கிருந்து இன்னொரு ரயில். கூட்டரசு நெடுஞ்சாலையில் காடி ஓட்டினால் அதைவிட மோசம். வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே தொழில் செய்யலாமா என்று கேட்டார்.

அவசரப்படாதீங்க அக்கா என்றேன். மேலே சொன்ன வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்கும் உரிமை இருக்கிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். முதலில் அதைக் கேளுங்கள். கிடைத்தால் சம்பளமும் இபிஎப்பும் கையில், பயணம் மிச்சம். மிச்சமான நேரத்தில் ஒரு சின்ன வேலையை வெளியில் எடுத்துப் பாருங்கள், அதற்கு முன் உங்கள் வேலைக் கடிதத்தில் வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரே வாடிக்கையாளர் இரண்டாம் முறை தேடி வந்து, இரண்டாம் முறையும் காசு கொடுத்தால், அப்போது விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

*

"அடுத்தவனுக்குச் செஞ்சு குடுத்துக்கிட்டே இருக்கணுமா? நாமளே ஒரு ஆப் செஞ்சு விக்க முடியாதா?"

முடியும், முடிந்திருக்கிறது. உங்கள் ஐபோனிலும் மேக்கிலும் எழுத்துரு வரிசையில் 'தமிழ் சங்கம் எம்என்' என்று ஒன்று இருக்கும். அந்த எம்என், முத்து நெடுமாறன். மலேசியக்காரர். முரசு அஞ்சலை அவர் தொடங்கியது 1985-இல். கைப்பேசியில் செல்லினம் வந்தது 2005-இல். இடையில் 20 ஆண்டு. தமிழை டிஸ்கெட்டில் கொண்டுபோன காலத்திலிருந்து குறுஞ்செய்தி காலம் வரை கருவிகள் மாறிக்கொண்டே இருந்தன, அவர் கையிலெடுத்த சிக்கல் மட்டும் மாறவில்லை. ஆப் செய்யும் ஆசையோடு வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: பத்து ஆண்டு கழித்தும் இந்தச் சிக்கல் உங்களை உறுத்துமா? உறுத்தும் என்றால் செய்யுங்கள். அதுவரை சோற்றுக்கு அடுத்தவர் வேலையும் வேண்டும், அதற்கு மேலே போட்ட 500 வெள்ளிக் கணக்கும் வேண்டும்.

*

கடைசித் தாளில் கேள்வியே இல்லை. "நன்றி, போன் நம்பர் கிடைக்குமா" என்று மட்டும் இருந்தது.

எண்ணைவிட உபயோகமான ஒன்றைக் கேட்கிறேன், அதுவும் அதை எழுதிய பையனிடமில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் இந்தத் தொழிலைப் பல ஆண்டாகச் செய்துவரும் நம்மவர்களிடம் கேட்கிறேன். அடுத்து ஒரு தம்பியோ தங்கையோ வந்து தயங்கித் தயங்கி விலை கேட்டால், "அது வேலையப் பொறுத்தது" என்று நழுவாதீர்கள். போன மாதம் எந்த வேலைக்கு எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை நாள் ஆனது, பணம் எப்போது வந்தது என்று எண்ணில் சொல்லுங்கள்.